கண் விலகிய எழுத்து

ஓலையில் எழுதிய நம் முன்னோர், எழுத்தாணி கீறிய வரியைத் தெளிவாகக் கண்டது மை தடவிய பிறகேயாகும். அதுவரையில் ஓலையின்மேல் இருந்தவை மங்கலான கீறல்களே. எழுதுகின்ற நேரத்தில் அவர்களுக்குத் துணைநின்றது கண்ணைக் காட்டிலும் கைப்பழக்கமே எனலாம். நம் வட்டத்தின் மாதக் கூட்டம் ஒன்றில் இச்செய்தி பேச்சுவாக்கில் எழுந்தபோது, கவிஞர் ஒருவர் தம் குறையைச் சொன்னார்: "தாளில் எழுதும்போது அடி தானே வருகிறது. கணிப்பொறியின்முன் உட்கார்ந்தால் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் அடுத்த சீர் மறந்துபோகிறது." அனைவரும் சிரித்தோம். எனினும் அது சிரித்துவிட்டு விடத்தக்க குறையன்று. அன்று அவருக்கு விடை சொல்ல இயலாமற் போயிற்று. இப்பத்தாண்டு மலரில் அதனைச் சற்று விரிவாகச் சொல்ல முற்படுகிறேன்.

விசைகளைப் பார்க்காமல், ஒவ்வொரு விரலும் தனக்குரிய விசைகளைத் தொட்டே அறிந்து எழுதுவதுதான் முறையான தட்டச்சு. இதனைக் கற்பிக்கக் கணிப்பொறியில் பயிற்சி நிரல்கள் பல வந்துள்ளன. அவற்றின் கதையைச் சொல்வதற்கு முன் ஒன்றை நினைவூட்ட வேண்டும். பார்க்காமல் எழுதுதல் என்பது தட்டச்சுப் பொறிக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த திறமையன்று. அப்பொறியின் பிறப்பிலேயே அது இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இத்தாலியில் பெல்லெக்ரினோ துர்ரி என்பவர், பார்வை இழந்த கரோலினா ஃபாந்தோனி என்ற சீமாட்டிக்காக ஓர் எழுத்துப் பொறியைச் செய்து கொடுத்தார். அப்பொறி இன்று இல்லை. ஆனால் 1808 முதலாக அவர் அதில் எழுதிய கடிதங்கள் சில எஞ்சியுள்ளன. பிறரிடம் சொல்லி எழுதுவிக்கும் நிலையிலிருந்து விடுபட்டுத் தம் மனத்தில் உள்ளதைத் தாமே எழுத அவருக்குக் கிடைத்த வழி அது. பின்னர், டென்மார்க்கில் செவிப்புலன் அற்றோர் பள்ளியை நடத்திய மாலிங் ஹான்சன் என்னும் பாதிரியார் செய்த பந்து வடிவ எழுத்துப் பொறியை, கண்பார்வை குன்றிய நிலையில் 1882இல் வாங்கிப் பயன்படுத்தினார் மெய்யியலாளர் நீட்சே. அதில் அவர் சிறு கவிதைகளையும் தட்டெழுதினார் என்பது நம் போன்றோருக்குச் சுவையான செய்தி. ஆக, இப்பொறியைத் தேடிச் சென்ற தொடக்ககாலத்தோருள் சிலர் கண்ணை நம்ப முடியாதவர்கள். கண்ணுள்ளவர்கள் அதனைக் கையில் எடுத்த பிறகுதான், பார்க்காமல் எழுதுவது தனியே கற்கவேண்டிய கலையாயிற்று.

கண்ணுள்ளவர்களின் பொறி அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் உருவாயிற்று. கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் என்பவர் பத்திரிகைத் தொழிலில் இருந்தவர். அவரும் அவருடைய கூட்டாளிகளும் 1868இல் காப்புரிமை பெற்றனர். துப்பாக்கியும் தையற்பொறியும் செய்துவந்த ரெமிங்டன் நிறுவனம் 1873இல் அதனை உற்பத்தி செய்ய ஒப்புக்கொண்டது. தையற்பொறியின் மேசையைப் போன்ற மேசைமேல் அமைந்த அம்முதற்பொறி பேரெழுத்துகளை மட்டுமே அச்சிட்டது. அச்செழுத்து உருளையின் அடிப்பக்கத்தில் சென்று தாக்கியதால், எழுதிய வரி சில வரிகள் மேலே ஏறிய பின்னரே கண்ணுக்குத் தெரிந்தது. நம் ஓலையெழுத்தரின் நிலைதான்! பார்ப்பதற்குத் தாளில் ஒன்றும் இல்லாமையால் எழுதியவர்களின் கண்கள் விசைகளின்மேல் சென்று பதிந்தன. இரண்டு விரல்களால், சிலர் நான்கு விரல்களால், தேடித் தேடித் தட்டினர்.

எழுத்துகள் ஏன் இப்படிக் கலைந்து கிடக்கின்றன என்று கேட்காத மாணவர் இல்லை. அச்சுத் தண்டுகள் ஒன்றோடொன்று சிக்காமல் இருக்க எழுத்துகள் பிரித்து வைக்கப்பட்டன என்ற விளக்கம் நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. தந்தி இயக்குநர்கள் மோர்சு குறிகளை எழுத்தாக்கியபோது எழுந்த தேவைகளே இவ்வமைப்பை உருவாக்கின என்று கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2011இல் எழுதினர். எவ்வாறாயினும், மனத்தில் எளிதில் பதியாத வரிசை அது. பதியாத வரிசையைப் பதியவைக்க ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார்.

அவ்வாசிரியர் ஒரு பெண்மணி. ஓஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரத்தில் சுருக்கெழுத்து, தட்டச்சுப் பள்ளி நடத்திய எலிசபெத் மார்கரெட் லாங்லி, எட்டு விரல்களையும் பயன்படுத்தும் பாடமுறையை 1882இல் நூலாக வெளியிட்டார். அக்காலத்தில் அதற்கு எதிர்ப்பும் இருந்தது. மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் அவ்வளவு வலிமை ஏது என்று கேட்டவர்கள் இருந்தனர். வாதத்தைத் தீர்த்தது அதே சின்சினாட்டியில் 1888 ஜூலை 25ஆம் நாள் நடைபெற்ற போட்டி. சால்ட் லேக் சிட்டியில் நீதிமன்றச் சுருக்கெழுத்தராக இருந்த ஃபிராங்க் மெக்கரின் விசைகளை மனத்தில் பதித்துப் பார்க்காமல் எழுதுபவர். எதிரே அமர்ந்த லூயி ட்ராப், பேரெழுத்துக்கும் சிற்றெழுத்துக்கும் தனித்தனி விசைகள் கொண்ட காலிகிராஃப் பொறியில் தேர்ந்தவர். சொல்வதைக் கேட்டு எழுதுதல், தாளைப் பார்த்துப் படியெடுத்தல் என இரு பகுதிகள். மெக்கரின் வென்றார். படியெடுக்கும்போது அவருடைய கண் மூலத்தாளை விட்டு அகல வேண்டியதே இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள். கண் தாளுக்கும் விசைக்கும் இடையே அலையாதிருத்தலே வேகத்தின் மறைபொருள் என்று பார்த்தோருக்கு விளங்கிற்று. அச்சாகும் வரியை உடனே காட்டும் அண்டர்வுட் பொறிகள் அந்நூற்றாண்டின் இறுதியில் வந்தபோது, கண்ணுக்கு விசையைத் தவிரப் பார்க்க வேறொன்றும் கிடைத்தது.

நம் மொழிக்கு இக்கலையைக் கொணர்ந்த பெருமை, யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையாவைச் சாரும். 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்குவது எவ்வாறு? புள்ளிக்கும் இகர, ஈகரக் குறிகளுக்கும் அவர் அமைத்த நகரா விசைகளே அதற்கு விடை. அவ்விசையைத் தட்டினால் குறி அச்சாகும், ஆனால் உருளை நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அக்குறியோடு சேர்ந்து அமரும். எனவே 'மி' என எழுத முதலில் இகரக் குறி, பின்பு மகரம். 'ம்' என எழுத முதலில் புள்ளி, பின்பு மகரம். மெய் தோன்றுவதற்கு முன்பே அதன் தலைப்புள்ளி தோன்றிவிடும்! இலக்கணம் படித்தவர்க்கு இது தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் இரும்பின் இயல்புக்குத் தமிழை வளைக்காமல், தமிழின் உருவுக்கு இரும்பை இணங்கச் செய்த நுட்பம் அது. செருமனியில் செய்விக்கப்பட்டு வந்த அப்பொறிகளின் வழியே தமிழ் அலுவலகங்களுக்குள் நுழைந்தது. தமிழ் ஆட்சிமொழி ஆனதில் அரசாணைகளுக்கு உள்ள பங்கு பேசப்படுமளவுக்கு இந்த நகரா விசையின் பங்கு பேசப்படுவதில்லை என்பது என் மனக்குறை.

1970களில் ஒரு சிற்றூர்ப் பயிலகத்தில் நான் தமிழ்த் தட்டச்சுக் கற்றேன். ஓட்டுக் கூரையின்கீழ் எட்டுப் பொறிகள் ஒன்றாக ஒலிக்கும். முதல் பாடம், இடக்கைக்கு 'யளனகப'. பொருளற்ற அவ்வோசையைப் பக்கம் பக்கமாக அடித்தோம். எங்கள் ஆசிரியர் தாளைத் திருத்துவதை விட எங்கள் முகத்தைப் பார்ப்பதிலேயே கருத்தாக இருந்தார். தலை ஓர் அங்குலம் குனிந்தால் போதும், ஈரிழைத் துண்டு ஒன்று கைகளின்மேல் வந்து விழும். துண்டின்கீழ் விரல்கள் தட்டுத் தடுமாறி யகரத்தைத் தேடிக் கண்டுகொள்ளும். அவர் எங்களுக்குக் கற்பித்த எழுத்துகள் குறைவு. எங்களிடமிருந்து அவர் பறித்த பார்வையே பெரிது. பின்னாளில் நான் கண்ட எல்லாப் பயிற்சி நிரல்களையும் அந்தத் துண்டைக் கொண்டே அளந்து பார்க்கிறேன்.

பொறியே ஆசிரியராக அமைந்து விசைப்பலகை கற்பித்த முதல் முயற்சிகளில் தலையாயது, 1956இல் இங்கிலாந்தில் கார்டன் பாஸ்க், ராபின் மெக்கின்னன் உட் ஆகியோர் செய்த 'சாக்கி' என்னும் கருவி. துளையட்டைகளில் செய்தி பதிக்கும் பணியாளர்களுக்குப் பயிற்சி தருவது அதன் வேலை. எந்த விசையைத் தட்டவேண்டும் என்பதை ஒரு விளக்கு காட்டும். பயில்பவர் தேறத் தேற அவ்விளக்கு மங்கும், வேகமும் கூடும். தடுமாறினால் விளக்கு மீண்டும் தெளியும். எல்லார்க்கும் ஒரே பாடம் என்றில்லாமல், அவரவர் தடுமாற்றத்துக்கேற்பப் பாடம் மாறியது. கண்ணுக்குக் கொடுத்த உதவியைச் சிறிது சிறிதாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் அந்த மங்குகின்ற விளக்கைப் படித்தறிந்தபோது, எங்கள் ஆசிரியரின் துண்டு என் நினைவுக்கு வந்தது. அடிப்படையில் இரண்டும் ஒரே எண்ணம். துண்டு சற்று முரட்டுத்தனமானது, அவ்வளவே.

வீட்டுக் கணிப்பொறிகள் வந்த 1970களின் இறுதியில், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'டைப்பிங் டியூட்டர்' என்னும் நிரலை விற்கத் தொடங்கியது. ஒவ்வொரு விசைக்கும் பயில்பவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தை அது அளந்தது. தாமதமாகும் எழுத்துகளையே மீண்டும் மீண்டும் கொடுத்தது. மனித ஆசிரியர் எவராலும் செய்ய இயலாத காரியம் இது. எட்டு மாணவர்களுக்கு நடுவே நிற்கும் ஒருவர், எவருடைய எந்த விரல் எந்த எழுத்துக்கு எவ்வளவு தயங்குகிறது என்று கணக்கிடுவது எப்படி? 1981இல் வந்த 'மாஸ்டர்டைப்' திரையின் நான்கு மூலைகளிலிருந்தும் பகைவரைப் போலச் சொற்களை ஏவிற்று. சொல்லைச் சரியாக அடித்தால் பகை அழியும். அதன்பின் விளையாட்டு இல்லாத பயிற்சி நிரலைக் காண்பதே அரிதாயிற்று.

1987இல் கலிஃபோர்னியாவின் சாஃப்ட்வேர் டூல்வொர்க்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'மேவிஸ் பீக்கன் டீச்சஸ் டைப்பிங்' இவ்வரிசையில் தனித்து நிற்பது. உறையின்மேல் மிடுக்கான உடையில் ஒரு கறுப்பினப் பெண்மணி. அவர்தாம் ஆசிரியை மேவிஸ் பீக்கன். நிரலைப் பயன்படுத்தியவர்கள் அவரை நம்பினர். தட்டச்சுப் போட்டிகளில் அவர் வென்றதாகத் தமக்கு நினைவிருக்கிறது என்று கூடச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் அப்படி ஒருவர் இருந்ததே இல்லை! பாடகி மேவிஸ் ஸ்டேப்பிள்ஸின் பெயரிலிருந்து ஒரு பாதியும், கலங்கரை விளக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து மறு பாதியும் எடுத்து, நிறுவனத்தார் புனைந்த பெயர் அது. படத்தில் உள்ளவர் ஹெய்தியில் பிறந்தவர். பெவர்லி ஹில்ஸ் நகரத்துக் கடை ஒன்றில் நறுமணப் பொருள் விற்பனைப் பகுதியில் பணியாற்றியவர். நிறுவனத்தின் கூட்டாளியும் முன்னாள் தொலைக்காட்சி நிகழ்ச்சியாளருமான லெஸ் கிரேன் அவரை அங்கே கண்டு படமெடுக்க அழைத்தார். அந்நாளில் அவ்வுறையின்மேல் ஒரு கறுப்பினப் பெண்ணின் படம் இருப்பதைக் கண்டு தயங்கிய விற்பனையாளர்களும் இருந்தனர். அப்பெண்மணியையும் அவர் படத்தின் வரலாற்றையும் தேடிச் செல்லும் ஆவணப்படம் ஒன்று 2024இல் வெளிவந்தது.

கவிஞர்கள் நிறைந்த இவ்வட்டத்தில் நான் ஒரு கேள்வியை வைக்க விரும்புகிறேன். கணக்கிடுவதில் எந்த ஆசிரியரையும் மிஞ்சும் ஒரு நிரலுக்கு ஒரு முகமும் பெயரும் ஏன் தேவைப்பட்டன? விற்பனை உத்தி என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. பிழை செய்யும்போது எதிரே ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பு கற்பவர்க்கு வேண்டியிருக்கிறது. எண்ணுக்கு வெட்கப்பட்டுத் திருந்தியவர் உலகில் அரியர். வெட்கப்படவும் பாராட்டுப் பெறவும் ஒரு முகம் தேவை. இல்லாத ஆசிரியை ஒருத்தியைப் படைத்தவர்கள், தாம் அறிந்தோ அறியாமலோ, ஒரு கதைமாந்தரைப் படைத்தவர்கள் ஆனார்கள்.

ஆனால் அம்முகத்துக்குக் கண் இல்லை. பயிற்சி நிரல்களின் குறை இதுவே என்று நான் கருதுகிறேன். எந்த விசை, எத்தனை நொடி, எத்தனை பிழை, எல்லாம் அவற்றுக்குத் தெரியும். பயில்பவர் கீழே பார்த்தாரா என்பது தெரியாது. பார்க்காமல் எழுதக் கற்பிக்கும் கருவிக்கு, பார்க்கிறாரா என்ற ஒன்று மட்டும் தெரியாமற் போயிற்று! திரையில் விசைப்பலகையின் படத்தையும் அதன்மேல் இரு கைகளையும் வரைந்து காட்டிக் கண்ணை மேலே இழுக்கப் பெரும்பாலான நிரல்கள் முயன்றன. அது பாதித் தீர்வு.

இதனை நான் ஏட்டறிவாகச் சொல்லவில்லை. 1997இல் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய இணைய மாநாட்டிலும், அடுத்து 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற மாநாட்டிலும் தமிழுக்குரிய பொது விசைப்பலகை பேசப்பட்டு, தமிழ்99 என்னும் அமைப்பைத் தமிழ்நாட்டரசு அதே ஆண்டில் ஏற்றது. அதில் உயிர்கள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். அ, இ, உ, எ என்னும் குறில்கள் நடுவரிசையில் இருக்க, அவற்றின் நெடில்கள் அவ்வவற்றுக்கு மேல்வரிசையில். ககரத்தை இருமுறை தட்டினால் முதற் ககரத்துக்குப் புள்ளி தானே அமையும். ஙகரத்தை அடுத்துக் ககரமோ, நகரத்தை அடுத்துத் தகரமோ வந்தால் மெல்லினத்துக்குப் புள்ளி தானே விழும். இனவெழுத்து இலக்கணம் விசைப்பலகைக்குள் குடிபுகுந்தது என்றே சொல்லலாம். 1936இல் சியாட்டில் நகரத்துப் பேராசிரியர் ஆகஸ்ட் துவோராக் ஆங்கிலத்துக்கு அமைத்த மாற்றுப் பலகையிலும் உயிர்கள் இடக்கையின் நடுவரிசையில்தான் இருக்கின்றன. கைகள் மாறிமாறி இயங்கினால் களைப்புக் குறையும் என்பது அவர் கருத்து. ஆங்கில உலகம் அவரைப் பின்பற்றவில்லை.

நான் பழைய பலகையில் பழகியவன். அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற பின், தமிழ்99 பயிற்றும் நிரல் ஒன்றை வைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்கினேன். மூன்றாம் நாளிலேயே என் இடக்கை மோதிரவிரல் மந்தமானது என்று நிரல் கண்டுபிடித்துவிட்டது. இகரம் அவ்விரலுக்கு உரியது. தமிழில் இகரம் இல்லாமல் இரண்டு சீர் எழுதுவது கடினம்! இகரப் பயிற்சியையே ஒரு வாரம் கொடுத்தது. வேகம் ஏறிற்று. பாடம் பாடமாகத் தேறினேன். பாராட்டும் கிடைத்தது. பத்தாம் பாடத்தின்போது பக்கத்தில் நின்ற என் பேத்தி சொன்னாள்: "தாத்தா, நீங்க கீழே பாத்துப் பாத்துத்தான் அடிக்கிறீங்க." உண்மைதான். அவள் போய் ஒரு துண்டு கொண்டுவந்தாள்.

துண்டின்கீழ் மீண்டும் முதற் பாடத்திலிருந்து தொடங்கினேன். விசைப்பலகையில் இரண்டு சுட்டுவிரல்களுக்கும் இடங்காட்ட இரு விசைகளில் சிறு மேடுகள் உண்டு. தமிழ்99இல் இடக்கைச் சுட்டுவிரலில் தட்டுப்படும் அம்மேடு புள்ளிக்கு உரியது. கண் விலகியதும் முதலில் கைக்குச் சிக்குவது ஒற்று. வெண்பா எழுதுவோர்க்கு இதன் அருமை தெரியும். அன்று கூட்டத்தில் குறைப்பட்ட கவிஞரிடம் நான் சொல்ல விரும்பியது இவ்வளவே. அவருக்கு அடி மறந்ததற்குக் காரணம் கணிப்பொறியன்று. எழுத்தைத் தேடும் கண்ணும் சீரைத் தேடும் மனமும் ஒரே நேரத்தில் தேட முடியாது. தேடும் வேலையிலிருந்து கண்ணை விடுவித்துவிட்டால் மனம் தன் வேலையைப் பார்க்கும். எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. இளையவர்க்கு அவ்வளவு ஆகாது.

நம்மில் பலர் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறுகின்றனர். அவசரத்துக்கு அது உதவுவதை மறுக்கவில்லை. ஆனால் ளகரமா, லகரமா என்று முடிவு செய்யும் நொடியில் அவர்களுடைய விரல் வேறொரு மொழியின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் எண்ணிக்கொண்டிருக்கிறது. கவிதை எழுதும் கைக்கு அந்தச் சுற்றுவழி எதற்கு என்பதே என் ஐயம். இதில் என்னோடு மாறுபடும் நண்பர்கள் வட்டத்தில் உள்ளனர் என்பதை அறிவேன். அவர்களுள் இருவர் என்னைவிட நன்றாக எழுதுபவர்கள்.

நானும் முற்றுமாகத் தேறியவன் அல்லன். பழைய பலகையில் 'தமிழ்' என்ற சொல்லைத் தொடங்கினால், தகரம், இகரக் குறி, மகரம் மூன்றும் வலக்கையின் வேலை. நாற்பதாண்டுப் பழக்கம் அது. இரவில் அசதியோடு எழுத உட்காரும் வேளைகளில் இடக்கை சும்மா இருக்க, வலக்கை தானே அம்மூன்று விசைகளையும் தேடித் தட்டிவிடுகிறது. தமிழ்99இல் அவ்விடங்களில் இருக்கும் எழுத்துகள் வேறு. தலை நிமிர்ந்து பார்த்தால் திரையில் நிற்பது 'பணம'.